‘குழந்தை எங்கே?’ என்று கேட்டார்கள்: ஆஸ்பெர்கருடன் நான் வேலை தேடிய கதை

"குழந்தையை அழைத்து வரவில்லையா?"

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக அதிகாலை பஸ் பிடித்துப் போய், டோக்கன் வாங்கி, மூன்று மணி நேரம் நின்ற பிறகு மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. எனக்கு அப்போது 30 வயது. "ஆட்டிசம் எனக்குத்தான், சார்" என்றேன். மேலும் கீழும் பார்த்தார். "நன்றாகத்தானே பேசுகிறீர்கள்? பி.காம். வேறு முடித்திருக்கிறீர்கள்." பிறகு மருத்துவர் எழுதிய தாளைப் புரட்டி, "இதில் ஆஸ்பெர்கர் என்று இருக்கிறது. அப்படி ஒன்று எங்கள் பட்டியலில் கிடையாது" என்று கோப்பைத் திருப்பித் தந்துவிட்டார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். கைநடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது.

பட்டியலைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ‘ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்’ உண்டு. பேச்சும் படிப்பும் பெரிதாகத் தடைபடாத ஆட்டிச வகைக்கு வைத்திருந்த பெயர்தான் ஆஸ்பெர்கர். அது தனியாக இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013லேயே அந்தப் பெயரை ஆட்டிசத்துக்குள் சேர்த்துவிட்டது. என் மருத்துவர் பழைய பழக்கத்தில் எஃப் 84.5 என்ற குறியீட்டோடு ஆஸ்பெர்கர் என்றே எழுதியிருந்தார். ஒரு சொல்லால் ஒரு நாள் போயிற்று. நீங்கள் போவதற்கு முன் ‘ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் குறைபாடு’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு இது இருப்பதே 27 வயதில்தான் தெரிந்தது. அதற்குள் மூன்று வேலைகள் போயிருந்தன. முதலாவது விற்பனைப் பிரிவு. அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, சேர்ந்திருக்கவே கூடாது. இரண்டாவது இடத்தில் தொலைபேசி அடித்தாலே வயிறு கலங்கும். மூன்றாவது ஒரு ஆடிட்டர் அலுவலகம். என் கணக்கில் ஒரு பிழைகூட வந்ததில்லை. ஆனாலும், "வேலை நன்றாகச் செய்கிறீர்கள், ஆட்களோடு ஒட்டமாட்டேன் என்கிறீர்களே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வாக்கியத்தை மாதக்கணக்கில் மனத்துக்குள் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றுப்புண் என்று நினைத்து எண்டோஸ்கோப்பி வரை போனோம். வயிற்றில் ஒன்றும் இல்லை. அங்கிருந்து மனநல மருத்துவர். அவர் முதலில் பதற்றத்துக்கு மாத்திரை கொடுத்தார். நான்காவது சந்திப்பில்தான், "சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள்?" என்று கேட்டார்.

சான்றிதழுக்குத் திரும்புகிறேன். இரண்டாவது முறை சரியான தாளோடு போனேன். அதுவும் வீண். இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று எழுதிவிடுவார்கள். சிறுவயதிலிருந்து நம்மை அறிந்த ஒருவர் பதில் சொல்லாமல் அதை முடிக்க முடியாது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. உளவியலாளர், "அம்மாவை அழைத்துக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள்" என்றார். பெற்றோர் இல்லாதவர்கள் அண்ணன், அக்கா, பெரியம்மா என யாரையாவது கையோடு கூட்டிப் போங்கள். பழைய பள்ளி அறிக்கை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது முறை அம்மா வந்தார். உளவியலாளர் நிதானமானவர். அம்மா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே பேசினார். நான் பஸ் டிக்கெட்டுகளை எண் வரிசையில் அடுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்ததையும், ஒருநாள் அவர் வீட்டைச் சுத்தம் செய்தபோது அந்த வரிசை கலைந்துவிட, நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததையும் சொன்னார். "பிடிவாதக்காரன் என்று அன்று அடித்துவிட்டேன்" என்று சொன்னபோது குரல் உடைந்தது. நான் அந்த அடியை மறந்தே போயிருந்தேன். அம்மா 24 வருடமாக அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. அந்த அறைக்குள் வேலைக்கான நேர்காணலுக்குப் போவதுபோலப் போகாதீர்கள். கண்ணைப் பார்த்துப் பேசவும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும் நாம் வருடக்கணக்காகப் பழகி வைத்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தை அங்கேயும் காட்டினால் மதிப்பெண் குறைந்துவிடும். சந்தைக்குப் போய் வந்தால் எத்தனை மணி நேரம் இருட்டறையில் படுக்க வேண்டியிருக்கிறது என்பதை அப்படியே சொல்லுங்கள். எனக்கு 50 சதவீதம் என்று எழுதினார்கள். சட்டப்படி சலுகைகளுக்கு 40 வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பிறகு தபாலில் வந்தது.

அட்டை வந்ததும் வேலை வந்துவிடும் என்று அம்மா நினைத்தார். மத்திய சட்டப்படி அரசுப் பணியிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம். அதில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தேர்வு எழுதினேன், கிடைக்கவில்லை. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டாக வேண்டும் என்று அதே சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் என்னென்ன வசதி செய்து தருவார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். அதை நம்பி ஒரு நிறுவனத்தில் முதல் நேர்காணலிலேயே அட்டையை எடுத்துக் காட்டினேன். மனிதவள அதிகாரி அந்தக் கொள்கையைக் கேள்விப்பட்டதே இல்லை. "திடீரென்று கத்துவீர்களா? யாரையாவது அடித்துவிட மாட்டீர்களே?" என்று கேட்டார். இன்றைக்கும் அந்தக் குரல் நினைவுக்கு வந்தால் காது சூடாகிறது. வேலையில் உங்கள் திறமை தெரிவதற்கு முன்னால் அட்டையைக் காட்டாதீர்கள் என்பதுதான் என் கருத்து. வேறு மாதிரி நினைப்பவர்களும் இருக்கலாம். நான் பட்டதைச் சொல்கிறேன்.

அடுத்தது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவு. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் முதலாளி. எனக்கு எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று தெரியாத கேள்வி அது. வாய் உலர்ந்துவிட்டது. வீட்டிலேயே எழுதி மனப்பாடம் செய்து போயிருந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்: "சார், எனக்குப் பேச்சு சரியாக வராது. ஒரு மாதக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்."

கொடுத்தார். கொள்முதல் பதிவேடு ஒரு பக்கம், ஜி.எஸ்.டி. இணையதளத்திலிருந்து எடுத்த 2பி அறிக்கை, அதாவது நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல், ஒரு பக்கம். இரண்டுக்கும் 2,700 ரூபாய் உதைத்தது. அவருடைய ஆட்கள் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தார்களாம். 2,700ஐ 9ஆல் வகுத்தால் மீதி வராது. அப்படி மீதியில்லாமல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். நூல் வாங்கிய பில்களில் மட்டும் பார்த்தேன். 16,380 என்ற வரி 13,680 என்று ஏறியிருந்தது. இருபது நிமிடம் ஆகியிருக்கும். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "திங்கட்கிழமை வந்துவிடுங்கள் தம்பி" என்றார். பஸ் நிலையம் வரை நடந்தே போனேன். அவ்வளவு சந்தோஷம்.

வேலை கிடைப்பது அந்த ஒரு நாளோடு முடிந்துவிடும். அதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் தினமும் நடக்க வேண்டியது. கீழ்த்தளத்தில் ஓவர்லாக் மெஷின்கள் நாள் முழுக்க ஓடும். அந்தச் சத்தம் என்னை ஒன்றும் செய்யவில்லை, ஒரே சீராக இருக்கும். இன்டர்காம் மணிதான் உயிரை எடுத்தது. எப்போது அடிக்கும் என்று தெரியாது. டீ நேரத்தில் எல்லோரும் கடைக்குப் போவார்கள், நான் போகமாட்டேன். திமிர் என்று பேச்சு எழுந்தது. கணக்குப் பிரிவில் மூத்தவரான அக்காவிடம் மட்டும் ஒருநாள் உண்மையைச் சொன்னேன். அவர் வியாக்கியானம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் இன்டர்காமைத் தன் மேசைக்கு மாற்றிக்கொண்டார். டீ வாங்கி வரும் பையனிடம், "தம்பிக்கு மேலேயே கொண்டுவந்து வை" என்றார். பேச்சு தானாக அடங்கியது.

ஆனால் சேர்ந்த எட்டாவது மாதம் நானே ஒரு தவறு செய்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணி மாத்திரையை நிறுத்தினேன். சில நாட்களில் தலைசுற்றல், தூக்கமின்மை, விடிந்தால் வேலைக்குப் போக முடியுமா என்ற பயம். ஒருநாள் இரவு 3 மணிக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் எண் 14416ஐ அழைத்தேன். தமிழிலேயே பேசினார்கள். காலையில் மருத்துவரைப் பார்க்கும் வரை அதுதான் பிடிமானமாக இருந்தது. மாத்திரையைக் குறைப்பதானாலும் நிறுத்துவதானாலும் மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும். இதில் தயவுசெய்து என்னைப் போல நடந்துகொள்ளாதீர்கள்.

இன்னொன்று. ஒருநாள் காலை முதலாளி மாடிப்படியில் என்னைக் கடந்து போகும்போது, "சாயங்காலம் என்னை வந்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று 19ஆம் தேதி, மறுநாள் 3பி என்ற மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாள். நான் ஒரு எண்ணைக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது வேலை போன நாளும் இதே வார்த்தைகளோடுதான் தொடங்கியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் போனால், தீபாவளிக்கு எத்தனை நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

அன்றுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயால் சொல்லவில்லை, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ‘என்னைப் புரிந்துகொள்ளுங்கள்’ என்று எழுதவில்லை. அப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. மூன்றே வரி: வேலையை எழுத்தில் கொடுங்கள். முதலில் எது, பிறகு எது என்று சொல்லுங்கள். கூப்பிடும்போது எதற்கு என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். அவர் இரண்டு முறை படித்தார். "இதற்கு எனக்கு என்ன செலவு?" என்று கேட்டார். "ஒன்றும் இல்லை, சார்" என்றேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

போன வாரம் இரவு ஒன்பதரைக்கு அவரிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது. "நாளை 10 மணிக்கு என் அறைக்கு வாருங்கள் தம்பி. புது சாஃப்ட்வேர் வாங்குவது பற்றிப் பேச. வேறு ஒன்றும் இல்லை."

படித்துவிட்டு விளக்கை அணைத்துப் படுத்தேன். காலை 6 மணி அலாரம்தான் எழுப்பியது.