கருப்பு கவுன் வாடகையில படிக்கிற பொண்ணுங்க

போன வாரம் எங்க மூத்தவளுக்கு கிராஜுவேஷன், இங்க நியூசிலாந்துல ஆக்லாந்து யூனிவர்சிட்டியில பி.ஏ. முடிச்சிருக்கா. விழாவைப் பத்தி எழுதத்தான் உக்காந்தேன், ஆனா மனசு பூரா அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கவுன் வாங்கப் போன இடத்துலயே நிக்குது, அதனால அதையே எழுதிடறேன்.

இங்க பட்டம் வாங்குறவங்க பெரும்பாலும் கவுனை காசு போட்டு வாங்குறதில்ல, ஒருநாள் கூத்துக்கு எதுக்குன்னு வாடகைக்குத்தான் எடுப்பாங்க. நாங்க போனப்போ கவுண்டர்ல எங்கம்மா வயசுல ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கிட்டு, டேப்பை எடுத்து பொண்ணு தலையைச் சுத்தி அளந்தாங்க. ட்ரெஞ்சர்னு சொல்றாங்க இங்க, அந்த குஞ்சம் வெச்ச சதுரத் தொப்பி, அதுல மூணு சைஸ் மாத்தி மாத்தி வெச்சுப் பார்த்து, ஜடை இடிக்குதுன்னு ஜடையைக் கொஞ்சம் கீழ இறக்கிப் பின்னிக்கச் சொன்னாங்க. அப்புறம் ஹுட், அதான் கவுனுக்கு மேல தோள்ல போட்டுக்கிற பட்டைத் துணி, ஆர்ட்ஸுக்கு ரோஸ் கலர் உள்துணி, ஓரத்துல வெள்ளை ஃபர், அதை தோள்ல போட்டு உள்பக்கம் தெரியுற மாதிரி மடிச்சு, ஒரு ஊக்கு குத்தி, ரெண்டடி பின்னாடி தள்ளி நின்னு ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க, பெத்தவ நான் பக்கத்துல நிக்கிறேன், எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.

ரசீதைப் பார்த்தப்பதான் விஷயமே புரிஞ்சது. இது ஏதோ துணி வாடகைக் கடைன்னு நெனச்சுட்டுப் போனேன், இல்ல, கேட் எட்ஜர் எஜுகேஷனல் சாரிட்டபிள் ட்ரஸ்ட். இந்த ஊர் பட்டதாரிப் பெண்கள் சங்கத்துல இருந்து வந்த ட்ரஸ்ட். வாடகைக் காசுல செலவு போக மிஞ்சுறதை எல்லாம் படிக்கிற பெண்களுக்கு அவார்டா குடுக்கறாங்க. டிகிரி படிக்கிறவங்க, மாஸ்டர்ஸ், பிஎச்.டி. பண்றவங்கன்னு எல்லாருக்கும். பால்மர்ஸ்டன் நார்த்னு இங்க இன்னொரு ஊர், அந்தப் பக்கமும் பட்டதாரிப் பெண்கள் ட்ரஸ்ட் ஒண்ணு இதே மாதிரி கவுன் வாடகைக்கு விட்டே அவார்டு குடுக்குது. யோசிச்சுப் பாருங்க, பட்டம் வாங்குற ஆம்பளைப் பசங்களும் இவங்ககிட்டதானே கவுன் எடுக்கறாங்க, அந்தக் காசும் சேர்ந்து எங்கயோ ஒரு பொண்ணோட படிப்புக்குப் போகுது. பெரிய பணக்காரர் ஒருத்தர் சொத்து எழுதி வெச்சு நடக்குற ட்ரஸ்ட்டுன்னா அது ஒரு மாதிரி, இது துணியைத் துவைச்சு, இஸ்திரி போட்டு, ஹேங்கர்ல மாட்டி, வருஷா வருஷம் பைசா பைசாவா சேர்த்தது. எனக்கு இதுல இருக்கிற மரியாதை வேற எதுலயும் இல்ல.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கிறேன். நான் விருதுநகர் பக்கம். பி.எஸ்சி. முடிச்சேன், கான்வகேஷனுக்குப் போகல. கவுன் வாடகை, போகவர பஸ் காசு, அதெல்லாம் சேர்த்தா தம்பிக்கு வருஷத்துக்கு நோட்டுப் புஸ்தகம் வாங்கிடலாம்னு அம்மா சொன்னாங்க, தப்பா சொல்லல, வீட்டு நிலைமை அப்படி. சர்டிபிகேட் தபால்ல வந்துச்சு, போஸ்ட்மேன்கிட்ட கையெழுத்துப் போட்டு வாங்கினேன், அவ்வளவுதான் என் பட்டமளிப்பு விழா. கவுன் போட்டு ஒரு போட்டோ கூட இல்ல. அதைவிட வருத்தம், எம்.எஸ்சி. சீட்டு கெடைச்சும் போக முடியல. பீஸ் எப்படியோ பெரியப்பா கட்டறேன்னாரு. ஹாஸ்டல் மெஸ் பில்லுக்குத்தான் வழியில்ல. மாசாமாசம் ஒரு சின்னத் தொகை, அதுல நின்னு போச்சு.

அதனாலதான் சொல்றேன், பொண்ணுங்க படிப்பு பெரிய தொகையில நிக்கறதில்ல, பீஸுக்கு ஏதாவது ஒரு வழி பொறந்துடும், இந்த பஸ் காசு, புஸ்தகம், புள்ளையை யார் பாத்துக்கறது, லேப்டாப் உடைஞ்சு போச்சு, இதுலதான் மாட்டிக்கிட்டு நிக்கும். இங்கயும் அதேதான். நியூசிலாந்துல இருக்கறவங்களுக்கு ஸ்டூடண்ட் லோனுக்கு வட்டி கிடையாது, 2006ல இருந்து அப்படித்தான், கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா 2013ல போஸ்ட் கிராஜுவேட் படிக்கிறவங்களுக்கு ஸ்டூடண்ட் அலவன்ஸை, அதான் திருப்பிக் கட்ட வேண்டாத அரசாங்கச் செலவுக் காசை, எடுத்துட்டாங்க. மாஸ்டர்ஸ் படிக்கணும்னா வீட்டுச் செலவுக்கும் கடன்தான். முப்பத்தஞ்சு வயசுல ரெண்டு புள்ளைங்களை வெச்சுக்கிட்டு யாரு துணிஞ்சு அந்தக் கடனை வாங்குவா? அந்த இடத்துலதான் இந்த மாதிரி ஒரு அவார்டு ஒருத்தியைத் தூக்கி நிறுத்தும்.

இனி அந்த கேட் எட்ஜர் யாருன்னு சொல்லணும். நான் இத்தனை வருஷமா யூனிவர்சிட்டிக்குள்ள அவங்க பேர் வெச்ச கட்டடத்துல ஏறி இறங்கியிருக்கேன், பொண்ணு அங்க உக்காந்துதான் ராத்திரி பகலா அசைன்மெண்ட் எழுதினா, ஆனா அவங்க யாருன்னு ஒருநாளும் தேடிப் படிச்சதில்ல. இப்பதான் உக்காந்து படிச்சேன்.

1857ல இங்கிலாந்துல பொறந்தவங்க. அஞ்சு வயசுல குடும்பத்தோட கப்பல் ஏறி நியூசிலாந்து வந்துட்டாங்க, அப்பா பாதிரியார், அவர்தான் மொதல்ல படிப்பு சொல்லிக் குடுத்தது. அப்ப ஆக்லாந்துல பொம்பளைப் புள்ளைங்களுக்குன்னு ஹைஸ்கூலே கிடையாது. அதனால பசங்க ஸ்கூல்லயே மேல் வகுப்புல சேர்த்துக்கிட்டாங்க, ஆனா வகுப்புக்குள்ள வரும்போது கண்ணைத் தாழ்த்திக்கிட்டுத்தான் வரணும்னு கண்டிஷன். அதுக்கப்புறம் யூனிவர்சிட்டி ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளிகேஷன் போடறப்போ வயசை எழுதினாங்க, கணக்குல என்னென்ன படிச்சிருக்கேன்னு எழுதினாங்க, ஆணா பொண்ணான்னு மட்டும் எழுதவே இல்ல. அப்ளிகேஷனை ஏத்துக்கிட்டாங்க! இதைப் படிச்சுட்டு நான் கிச்சன்ல தனியா நின்னு கை தட்டினேன்.

1877 ஜூலை 11, கணக்கும் லத்தீனும் எடுத்து பி.ஏ. பட்டம். நியூசிலாந்துல யூனிவர்சிட்டி பட்டம் வாங்கின மொதல் பொண்ணு, இருபது வயசு. விழாவுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் பேர் வந்திருந்தாங்களாம், ஆக்லாந்து பிஷப் அவங்க கையில ஒரு வெள்ளை கமீலியா பூவைக் குடுத்திருக்காரு. ஜூலைன்னா இங்க நல்ல குளிர்காலம், கமீலியா பூக்குற நேரம். பதினாறு வருஷம் கழிச்சு, 1893ல பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடினப்போ, ஆதரவு குடுத்த எம்.பி.க்கள் சட்டையில குத்திக்கிட்டதும் இதே வெள்ளை கமீலியாதான். எங்க வீட்டு வேலியோரம் ஒண்ணு நிக்குது, இலை கொட்டிக் குப்பையாகுதுன்னு வெட்டிடலாம்னு போன வருஷம் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டிருந்தேன், இப்ப அதைத் தொடவே விடமாட்டேன்.

பட்டத்தை வாங்கிட்டு அவங்க சும்மா உக்காரல. கிறைஸ்ட்சர்ச்ல வாத்தியார் வேலை பாத்துக்கிட்டே 1882ல எம்.ஏ. முடிச்சாங்க, அடுத்த வருஷம் நெல்சன் ஊர்ல புதுசா தொறந்த பெண்கள் கல்லூரிக்கு மொதல் பிரின்சிபால். பிரின்சிபால்னா ரூம்ல உக்காந்து கையெழுத்துப் போடறது இல்ல, கணக்கு, லத்தீன், இங்கிலீஷ், சயின்ஸ்னு எல்லாம் அவங்களே எடுத்திருக்காங்க. கல்யாணத்துக்கப்புறம் மூணு பசங்க, அப்பவும் பாடம் சொல்லிக் குடுத்துத்தான் குடும்பத்தைத் தாங்கியிருக்காங்க. 1935ல இறந்தாங்க. பெரிய சொத்து விட்டுட்டுப் போன ஆள் இல்ல, பேரைத்தான் விட்டுட்டுப் போனாங்க, அந்தப் பேர்ல இன்னிக்கு பொண்ணுங்க படிக்கறாங்க.

நம்ம ஊர்லயும் ஒவ்வொரு காலேஜ்லயும் பட்டமளிப்பு விழா நடக்குது, எங்கயோ ஒரு கான்ட்ராக்டர்கிட்ட இருந்து கவுன் மூட்டை மூட்டையா வருது, சாயங்காலம் அப்படியே திரும்பிப் போகுது. அந்த வாடகையை அந்த காலேஜ்ல படிச்ச பழைய மாணவிகள் நாலு பேர் சேர்ந்து கையில எடுத்தா என்ன? நூறு கவுன் தைக்கிற செலவு மொத வருஷம் மட்டும்தான். அப்புறம் வர்றதுல ரெண்டு பொண்ணுங்க மெஸ் பில்லாவது கட்டலாம் இல்லையா? என் செட்டு வாட்ஸ்அப் குரூப்ல இதைப் போட்டிருக்கேன், மூணு பேர் சரின்னு சொல்லியிருக்காங்க, எங்க டெய்லர்கிட்ட ரேட் கேக்க ஒருத்தி போயிருக்கா.

அவார்டுங்கற வார்த்தையும் எனக்குப் பிடிச்சிருக்கு. உதவித்தொகைன்னா கை நீட்டி வாங்கின மாதிரி நம்ம பொம்பளைங்களுக்கு ஒரு கூச்சம், வேண்டாம் வேற யாராவது கஷ்டப்படறவங்களுக்குக் குடுங்கன்னு ஒதுங்கிடுவாங்க. அவார்டுன்னா நீ நல்லா படிக்கிறே, அதுக்காகக் குடுக்கறோம்னு அர்த்தம். போட்டோ எடுத்து ஃபிரேம் போட்டு வெக்கலாம், புள்ளைங்ககிட்ட காட்டலாம்.

விழா முடிஞ்சு திங்கக்கிழமை கவுனைத் திருப்பிக் குடுக்கப் போனேன். ஹுட்டோட ஃபர்ல பொண்ணு வெச்சிருந்த குங்குமம் லேசா ஒட்டியிருந்துச்சு, நான் பதறிப்போய் சாரி கேட்டேன், அந்த அம்மா விரலால தட்டிவிட்டுட்டு, இதெல்லாம் போயிடும்னு சிரிச்சாங்க. அவங்ககிட்டயே அப்ளிகேஷன் விவரம் கேட்டு எழுதிக்கிட்டு வந்தேன். எனக்கு இல்ல, எங்க தெருவுல யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்க இருக்காங்க, ரெண்டு பசங்க, பகல்ல முதியோர் இல்லத்துல வேலை, ராத்திரி பப்ளிக் ஹெல்த்ல மாஸ்டர்ஸ். இந்த செமஸ்டரோட விட்டுடப் போறேன்னு போன மாசம் சொன்னாங்க. மார்க் லிஸ்ட்டையும் ரெஃபரன்ஸ் லெட்டரையும் எடுத்து வெக்கச் சொல்லியிருக்கேன், எனக்கெல்லாம் தருவினமோ பிள்ளைன்னு கேட்டாங்க. சனிக்கிழமை மத்தியானம் பசங்களையும் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வர்றாங்க, உக்காந்து எழுதப் போறோம்.