ரப்பர்

"மேடம், ஷாக் அடிக்காதுல்ல?"

சிபியு மூடியைக் கழற்றும் முன் பி.எட். மாணவி ஒருத்தி இன்று கேட்டாள். பிளக்கைப் பிடுங்கியாச்சு என்று காட்டிய பிறகுதான் கை வைத்தாள்.

பீப் பீப் என்று கத்துமே தவிர, திரை வராத பழைய கணினி. ரேம் என்னும் நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, திரும்பச் செருகி 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தினாள்.

திரை வந்துவிட்டது!

தேதி மட்டும் 2009 ஜனவரி 1. அதற்குக் காரணம் உள்ளே தீர்ந்துபோன, நாணயம் மாதிரி இருக்கும் 3 வோல்ட் பேட்டரி. அதை மாற்றித் தேதியைத் திருத்தினால் சரி.

இவ்வளவு சின்னக் கோளாறுக்காக எத்தனை பள்ளிகளில் கணினிக்கு உறை போட்டு மூலையில் வைத்திருக்கிறோம்! ரேமின் விரிவாக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான் இவளும். தொட்டுப் பார்த்தது இன்றுதான்.

ரப்பரைத் திருப்பித் தரவில்லை. பையில் போட்டுக்கொண்டாள்.