கேட்காவ் முக்தி வளாகம்: மின்னி ஏப்ரம்ஸ் அம்மையார் ஊழியம் செய்த இடம்

சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில்கள் சோலாப்பூர், தவுண்டு வழியாகத்தான் புனே சேருகின்றன. தவுண்டுக்கும் புனேக்கும் நடுவில் உள்ள சிறிய நிலையம் கேட்காவ். முக்தி வளாகம் இருப்பது இங்கேதான். விரைவு ரயில்கள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. அதனால் தவுண்டிலோ புனேயிலோ இறங்கிப் பாசஞ்சர் ரயில் பிடிக்க வேண்டும். அகமதுநகர் (இன்றைய அஹில்யாநகர்) ஓரத்திலும் ஒரு கேட்காவ் உண்டு. பெயரை மட்டும் பார்த்துக் கிளம்பினால் அங்கே போய் நிற்க நேரும். ஆட்டோ ஏறும்போதும் "பண்டித ரமாபாய் முக்தி மிஷன்" என்று முழுதாகச் சொல்லுங்கள். வெறும் "கேட்காவ்" என்றால் நாராயண் மகாராஜ் கோயிலுக்குக் கொண்டுபோய் விடக்கூடும்.

இன்றும் பெண்களும் பிள்ளைகளும் வாழும் இல்லம் இது. முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போவதே முறை. பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது.

முக்தியில் 1905-இல் உண்டான எழுப்புதல் (ஆவிக்குரிய விழிப்பு) என்றதும், இந்த இல்லத்தை நிறுவிய ரமாபாய் அம்மையாரைத்தான் நாம் நினைக்கிறோம். அது சரியே. ஆனால் அவருக்குத் தோள் கொடுத்த மின்னி ஏப்ரம்ஸை நம் சபைகள் மறந்துபோனது வருத்தம் தருகிறது. அமெரிக்க மெதடிஸ்ட் ஊழியராக 1887-இல் பம்பாய் வந்தவர். மராத்தி கற்று, 1898-இல் முக்தியில் சேர்ந்தார். 1905 தொடக்கத்தில் ரமாபாய் ஜெபத்துக்கு அழைத்தபோது ஏறக்குறைய 70 பேர் கூடினார்கள். ஜூனுக்குள் அது 550 ஆயிற்று, அதுவும் நாளுக்கு இருவேளை. அக்கினி வந்த இரவைச் சொல்பவர்கள் இந்த ஐந்தாறு மாத முழங்கால் ஜெபத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஜூன் கடைசியில் ஓர் இரவு, விடியுமுன், விடுதியில் ஒரு பெண்மேல் அக்கினி சூழ்ந்திருக்கக் கண்டாள் பக்கத்தில் படுத்திருந்தவள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றப்போன நேரத்தில்தான், அவள் எரியவில்லை என்று தெரிந்தது. மின்னி அம்மையார் எழுதிவைத்த சாட்சி இது. அந்தப் பெண்கள் பிறகு குழுக்களாகச் சுற்றுக் கிராமங்களுக்குச் சுவிசேஷம் சொல்லப் போனார்கள். பயிற்சி தந்து அனுப்பியவர் அவரே. வளாகத்தில் லூக்கா 3:16-ஐ வாசித்து ஜெபியுங்கள். "அவர் பரிசுத்த ஆவியினாலும் அக்கினியினாலும் உங்களுக்கு ஞானஸ்நானங்கொடுப்பார்" என்ற இந்த வாக்கின் பொருளில்தான் 1906-இல் மின்னி அம்மையார் தம் சிறு நூலை எழுதினார்.

அந்த நூல் சிலி நாட்டின் வால்பரைசோவுக்குப் போனது. சிகாகோ பயிற்சிப் பள்ளியில் அவரோடு படித்த மே ஹூவர் அங்கே மிஷனெரியின் மனைவி. ஹூவர் தம்பதியர் அதைப் படித்து, தாங்களும் வாஞ்சித்து ஜெபித்தார்கள். 1909-இல் அங்கே எழுப்புதல் எழும்பியது. சிலி நாட்டுப் பெந்தெகொஸ்தே சபைகளின் வேர் இப்படிக் கேட்காவ் வரை ஓடுகிறது.

முக்தியில் பலர் அந்நியபாஷை (ஆவியின் ஏவுதலால் தாங்கள் கற்காத மொழி) பேசினார்கள், மின்னி அம்மையாரும் அதை மகிழ்ந்து ஏற்றார். ஆனாலும் ஆவியின் அபிஷேகம் பெற்ற ஒவ்வொருவரிடமும் அந்த அடையாளம் இருந்தே ஆகவேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்தவில்லை. அன்பும் ஆத்துமபாரமும் (பிறர் இரட்சிப்படைய வேண்டும் என்ற ஏக்கம்) வெளிப்பட வேண்டும் என்பதையே வலியுறுத்தினார். இன்று நம் கூட்டங்களில் அதிகம் கேட்கவேண்டிய போதனை அது.

ரமாபாய் அம்மையார் அடக்கமான இடம் வளாகத்தில் இருக்கிறது. மின்னி அம்மையாரின் கல்லறையை அங்கே தேட வேண்டாம். 1910-இல் பெண் மிஷனெரிகளுக்கென்றே பெசலெயேல் என்ற ஊழிய அமைப்பைத் தொடங்கி, சுவிசேஷம் எட்டாத ஊர்களைத் தேடி வடக்கே ஐக்கிய மாகாணத்துக்கு (இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதி) போனவர், 1912-இல் காய்ச்சல் கண்டு அங்கேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.