வெள்ளவத்தையில் ஒரு பழைய வீ: அம்மா பௌலிங் பழகிய ஏழு கிழமைகள்

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மாமியின் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் ஆடி விட்ட நின்டெண்டோ வீ என்ற, ரிவியில் பூட்டி ஆடும் விளையாட்டுப் பெட்டி ஒன்று, உடுப்புகளுக்கு நடுவே சுற்றப்பட்டு எங்கள் வீட்டுக்குப் பார்சலில் வந்து சேர்ந்தது. 2006 நவம்பரில் வட அமெரிக்காவில் வெளியாகி, பிறகு உலகம் முழுவதும் 10 கோடிக்கு மேல் விற்ற அதே வெள்ளைப் பெட்டிதான். கூடவே வீ ஸ்போர்ட்ஸ் டிஸ்க்கும் இருந்தது. ரெனிஸ், பேஸ்போல், பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை என்று ஐந்து ஆட்டங்கள். நான் பஸ்ஸில் போகும்போது கைபேசியில் எதையாவது தட்டுகிற ஆள், அவ்வளவுதான். மகளுக்கு 9 வயது, அம்மாவுக்கு 72. மூன்று பேரும் சேர்ந்து ஆட ஒன்று கிடைத்தால் போதும் என்றிருந்தேன்.

முதல் கிழமை ஆட்டமே இல்லை. கனடா அடப்டரில் 120 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. இங்கே சுவரில் வருவது 230. பிளக்கின் கால்களை மாற்றும் சின்னத் துண்டு மின்னழுத்தத்தை மாற்றாது, அப்படியே செருகினால் அடப்டர் கருகிவிடும். வெளிநாட்டுச் சாமான் வரும் வீடுகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்தப் பெட்டிக்குத் தேவை 12 வோல்ட், 3.7 ஆம்பியர். அதற்குப் பொருந்தும் அடப்டர் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் மூன்றாவது கடையில் கிடைத்தது. வேறோர் இடத்தில் வாங்கிய கார் ஓட்ட டிஸ்க் மட்டும் ஓடவே இல்லை. அது ஐரோப்பியப் பதிப்பு, பெட்டியோ வட அமெரிக்காவுடையது. தன் பிராந்தியத்து டிஸ்க்கை மட்டும்தான் வீ வாசிக்கும். வீக்கு ஆட்டங்கள் விற்ற நின்டெண்டோவின் இணையக் கடையும் 2019 ஜனவரியில் மூடியாயிற்று. சரி, வீ ஸ்போர்ட்ஸ் போதும் என்று விட்டுவிட்டேன்.

கையில் பிடித்து வீசி ஆடும் றிமோட்டுக்குள் பழைய பற்றரி கசிந்து வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. பஞ்சில் வினாகிரி தொட்டுத் துடைத்தேன், நுரைத்துக் கழன்றது. நன்றாகக் காயவிட்டு, மீள்மின்னேற்றும் டபிள் ஏ பற்றரி இரண்டு போட்டதும் நான்கு நீல விளக்குகளும் மின்னின. அன்றைய சந்தோஷத்துக்கு அளவில்லை.

அப்புறம் ஒரு விசித்திரம். திரையில் காட்டும் கை அடையாளம் மாலை 5 மணிக்குப் பிறகு துள்ளத் தொடங்கிவிடும். ரிவிக்கு முன்னால் வைக்கும் சென்சர் பார், அதாவது உணரும் பட்டை, பெயர்தான் அப்படி, எதையும் உணர்வதில்லை. அதன் இரு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன. அவற்றைப் பார்ப்பது றிமோட்டின் மூக்கில் உள்ள கமரா. எங்கள் ரிவி நிற்பதோ கடல் பக்க யன்னலுக்கு அருகில். மேற்கு வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு, கமரா குழம்பிவிடுகிறது. இதை மகளுக்கு விளக்க, பாரைக் கழற்றி எடுத்துவிட்டு, விளக்கீட்டுக்கு ஏற்றும் சிட்டி விளக்குகள் இரண்டை ஒரு சாண் இடைவெளியில் கொளுத்தி வைத்தேன். கை அடையாளம் அமைதியாக நகர்ந்தது. தீபத்தைக் கொண்டு ரிவியை ஆட்டலாம் என்று அவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

அம்மா இதையெல்லாம் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஏன் தம்பி, நீங்கள் விளையாடுங்கோ" என்பார். மகள் விடவில்லை. அப்பம்மாவுக்காகத் திரையில் ஆடும் ஓர் உருவம் செய்தாள். கொண்டை போட்டாள், கண்ணாடி போட்டாள், சேலை கிடைக்கவில்லை. மச்சம் வைக்கும் வசதி இருந்தது. அதைப் பெரிதாக்கி நெற்றி நடுவுக்கு ஏற்றினாள். அம்மா வைப்பதும் கறுப்பு ஸ்ரிக்கர் பொட்டுத்தான், அச்சாகப் பொருந்திவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் அம்மா எழும்பி வந்தார்.

பௌலிங்கில் அம்மாவுக்கு முதல் ஆட்டத்தில் 61 புள்ளி, அடுத்த நாள் 74, பிறகு 70. றிமோட்டின் பீ பொத்தானை அமத்திக்கொண்டு கையைப் பின்னே கொண்டுபோய், முன்னே வீசும்போது விரலை விட வேண்டும். பொத்தான் சரியாக வந்துவிட்டது. பந்துதான் ஒவ்வொரு முறையும் வலப்பக்கக் கானுக்குள் போய் விழுந்தது. விடும் நேரத்தில் மணிக்கட்டு திரும்பினால் பந்தும் சுழன்று வளையும். அம்மாவின் வலக்கை விறைப்பாகி வெளியே திரும்பியது. நான் எவ்வளவு சொல்லியும் மாறவில்லை.

நான்காம் கிழமை, மகள் தூங்கிய பிறகு அம்மா கேட்டார்: "இடக்கையாலும் எறியலாமோ தம்பி?"

எறியலாம். உருவத்தைத் தெரிவு செய்யும் இடத்திலேயே எந்தக் கை என்று மாற்றலாம். மாற்றிக் கொடுத்தேன். பந்து நேரே போய் ஒன்பது கட்டைகளைச் சாய்த்தது. சின்ன வயதில் தான் இடக்கைக்காரி என்றும், எழுத்து பழகும்போது விரல்மொளியில் அடி விழுந்து வலக்கைக்கு மாறியதாகவும் அன்றுதான் சொன்னார். எனக்கு 44 வயது. தேங்காய் திருவும்போது அம்மா இடக்கையால் திருவுவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன், ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. அன்று இரவு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு 103, 128, 149. தோள்மூட்டு நோகிறது என்றதும் கதிரையில் இருந்தே எறியச் சொன்னேன். றிமோட்டுக்குள் இருப்பது அசைவின் வேகமாற்றத்தை அளக்கும் சில்லு, முழங்கைக்குக் கீழே அசைந்தாலே அதற்குப் போதும். ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம், அதற்கு மேல் வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். மணிக்கட்டுக் கயிறு போடாமல் யாரும் எறிவதில்லை. வீ வெளிவந்த புதிதில் கயிறு அறுந்து றிமோட் பறந்ததால் நின்டெண்டோவே தடித்த கயிறு மாற்றிக் கொடுத்தது. எங்கள் வீட்டில் தலைக்கு மேல் மின்விசிறி வேறு சுற்றுகிறது.

புள்ளிக் கணக்கை மகள் கொப்பியில் எழுதுகிறாள். ஒரே எறியில் பத்தும் சாய்ந்தால் ஸ்ட்ரைக், பத்தோடு அடுத்த இரண்டு எறிகளும் சேரும். இரண்டாம் எறியில் மீதியும் சாய்ந்தால் ஸ்பெயார், அடுத்த ஒன்று மட்டும் சேரும். திரை காட்டுவதற்கு முன்னால் தான் கூட்டிச் சொல்ல வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்பாள். ரெனிஸ் எனக்குச் சரிவரவில்லை, அடி பிந்தியே விழுந்தது. ரிவியில் விளையாட்டுக்கென்று உள்ள கேம் மோட் அமைப்பைப் போட்டதும் அந்தச் சுணக்கம் குறைந்தது. ஆனாலும் எங்கள் வீட்டில் இப்போது பௌலிங்தான்.

போன ஞாயிறு அம்மா தொடர்ந்து மூன்று ஸ்ட்ரைக் எறிந்து 171 எடுத்தார். நான் 164. வருகிற ஞாயிறு கீழ்வீட்டு அன்ரியையும் கூப்பிட்டிருக்கிறாராம். அவர் வருவது மாலை 5 மணிக்கு, வெயில் நேரே விழும் நேரம். யன்னலுக்குத் தடித்த திரைச்சீலை வாங்கி வரச் சொல்லி அம்மா என்னைப் புறக்கோட்டைக்கு அனுப்புகிறார்.