ஃபோஃபானாவை நம்பி எத்தனை ஆட்டம் எழுதலாம்?

செல்சி கால்பந்து கிளப்பின் தடுப்பாட்டக்காரர் வெஸ்லி ஃபோஃபானா பெயரை எடுத்தாலே ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். கண்ணாடிக் கால், கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்பது ஒரு கட்சி. உடம்பு மட்டும் ஒத்துழைத்தால் பிரீமியர் லீக்கிலேயே இப்படி ஒரு சென்டர் பேக் (பின்வரிசையின் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்) கிடையாது என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருப்பதால் சண்டை ஓய்வதாக இல்லை. அணியைக் கட்டுகிறவர் கேட்க வேண்டியது வேறு: ஒரு சீசனுக்கு இவர் பெயரில் எத்தனை ஆட்டம் எழுதிவைக்கலாம், மீதியை யார் ஆடுவது?

முதலில் காயக் கணக்கு. இதை ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது. 2021 ஆகஸ்டில், லெஸ்டரில் இருந்தபோது, வில்யாரியலோடு ஆடிய நட்பு ஆட்டத்தில் எதிராளியின் மோசமான டேக்கிளில் கீழ்க்காலின் ஃபிபுலா எலும்பு முறிந்தது. அதற்கு அவர் உடம்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை; யார் கால் அங்கே இருந்தாலும் முறிந்திருக்கும். 2022 ஆகஸ்ட் கடைசியில் ஏறக்குறைய 70 மில்லியன் பவுண்டுக்குச் செல்சி வாங்கியது. அக்டோபர் 5 அன்று ஏசி மிலானுக்கு எதிராகச் செல்சிக்கான முதல் கோலை அடித்தார். அதே ஆட்டத்தில் முழங்காலும் போனது. 2023 ஜூலையில் ஏசிஎல் எனும் முழங்கால் தசைநார் கிழிந்தது, அடுத்த சீசன் முழுக்க ஒரு நிமிடம் கூட ஆடவில்லை. 2024 டிசம்பர் 1, ஆஸ்டன் வில்லா ஆட்டத்தில் ஹேம்ஸ்ட்ரிங், அதாவது தொடையின் பின்பக்கத் தசை. மார்ச்சில் திரும்பினார், ஏப்ரலில் மறுபடி ஹேம்ஸ்ட்ரிங், இந்த முறை அறுவை சிகிச்சை. செல்சியில் அவருடைய முதல் மூன்று சீசன்களில் நடந்த 114 லீக் ஆட்டங்களில் மூன்றில் ஒரு பங்கைக் கூட அவர் ஆடவில்லை.

எலும்பு முறிவைத் தள்ளிவைத்துவிடலாம். ஏசிஎல்லுக்குப் பின்னால் வந்த ஹேம்ஸ்ட்ரிங்கைத் தள்ள முடியாது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முன்னால் நழுவாமல் இழுத்துப் பிடிப்பது ஏசிஎல் தசைநாரின் வேலை. தொடையின் பின்பக்கத் தசைகளும் அதே வேலையில் கூட்டாளிகள். ஒன்று கிழிந்து சரிசெய்யப்பட்ட பிறகு அந்தக் காலின் பலம் குறைகிறது, ஓடும் விதமும் கொஞ்சம் மாறுகிறது. ஏசிஎல் வரலாறு உள்ளவர்களுக்கு ஹேம்ஸ்ட்ரிங் கிழியும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒருமுறை ஹேம்ஸ்ட்ரிங் போனவருக்கு மறுபடி போகும் வாய்ப்பு அதைவிடவும் கூடுதல். 'இனிமேல் சரியாகிவிடும்' என்கிற ரசிகர் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பந்தயம் கட்டுகிறார்.

அடுத்தது, அவருக்குக் கொடுக்கப்படும் வேலை. என்ஸோ மரெஸ்கா பயிற்சியாளராக இருந்த காலத்துச் செல்சியில் பந்து கையில் இருக்கும்போது ஒரு ஃபுல் பேக் (ஓரத்துத் தடுப்பாட்டக்காரர்) மிட்ஃபீல்டுக்குள், அதாவது நடுக்களத்துக்குள், போய்விடுவார். பின்னால் மூன்று பேர், அவர்களுக்கும் பின்னால் பாதி மைதானம் காலி. பந்து பறிபோனதும் சென்டர் பேக் பின்னோக்கி நடந்துகொண்டே திரும்பி, முப்பது நாற்பது மீட்டர் முழு வேகத்தில் துரத்த வேண்டும். ஹேம்ஸ்ட்ரிங் கிழிவது பெரும்பாலும் இதே கணத்தில்தான்: முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கும்போது. உடம்பு முன்னால் குனிந்திருந்தால் இழுவை இன்னும் கூடும். ஃபோஃபானாவின் தனிச் சிறப்பே இந்தத் துரத்தல்தான். எதற்காக வாங்கினார்களோ அதுவே அவரை உடைக்கிறது.

அவர் இல்லாத நாளில் என்ன ஆகிறது என்று பாருங்கள். டோசின் அடராபியோ தலைக்கு மேலே வரும் பந்தில் கெட்டி, பாஸும் நன்றாக இருக்கும், ஆனால் வேகம் இல்லை. அது அவருக்கே தெரியும் என்பதால் சில மீட்டர் பின்வாங்கி நிற்பார், மொத்தப் பின்வரிசையும் அவரோடு இறங்கும். முன்வரிசை மட்டும் பழைய இடத்திலேயே எதிராளியை நெருக்கி பிரஸ் செய்துகொண்டிருக்கும். நடுவில் ஒரு தெரு அளவுக்கு இடம் திறக்க, எதிரணி மிட்ஃபீல்டர் அங்கே நிம்மதியாகப் பந்து வாங்கித் திரும்புவார். அதைப் பார்த்து 'கைசெடோ எங்கே போனான்' என்று கத்துவார்கள். செல்சியின் நடுக்களத்துக்காரரான அவர் என்ன செய்வார் பாவம், இரண்டு ஆள் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவர் நிற்கிறார்.

எனவே 'ஒரு நல்ல சென்டர் பேக் வேண்டும்' என்கிற பொத்தாம்பொதுவான கோரிக்கை போதாது. வலப்பக்கம் ஆடக்கூடிய, வேகமான இன்னொருவர் வேண்டும். ஃபோஃபானாவுக்கு மாற்று என்பதைவிட, துரத்தல் வேலையைப் பாதியாகப் பங்குபோடுகிற ஆள். இருப்பவர்களில் அந்த வேலைக்குக் கிட்டத்தில் வருபவர் ட்ரெவோ சலோபா. அவரையும் கிரிஸ்டல் பேலஸுக்கு லோனில் அனுப்பிவிட்டு, ஃபோஃபானாவும் இன்னொரு சென்டர் பேக்கான பதியாஷீலும் காயம்பட்டதும் 2025 ஜனவரியில் திருப்பி அழைத்தார்கள்.

இனி எண்ணிக்கை. லீக் 38, சாம்பியன்ஸ் லீக் முதல் கட்டம் 8, இரண்டு உள்நாட்டுக் கோப்பைகள், நாக்அவுட் எல்லாம் சேர்த்து 55 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சென்டர் பேக் என்றால் 110 இடங்களை நிரப்ப வேண்டும். சலோபா 40, டோசின் 25, மீதி 45-ஐ ஃபோஃபானா, பதியாஷீல், இளையவர் ஜோஷ் அச்சாம்பாங் மூவரும் ஆளுக்கு 15. தாளில் கணக்கு முட்டாமல் வருகிறது. பிரச்சினை என்னவென்றால், காயம் சராசரியாக வருவதில்லை, கூட்டமாக வருகிறது.

2025-இல் அதுதான் நடந்தது. ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன்பே, லீவை கோல்வில்லுக்கு ஏசிஎல் போனது. இடக்கால் சென்டர் பேக், பின்னாலிருந்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர். மரெஸ்கா வெளிப்படையாகவே ஒரு சென்டர் பேக் கேட்டார். கிளப் வாங்கவில்லை. செப்டம்பர் கடைசியில் பிரைட்டன் ஆட்டத்தில் சலோபாவுக்குச் சிவப்பு அட்டை. அக்டோபர் 4, லிவர்பூல் ஆட்டத்துக்கு அச்சாம்பாங்கும் பதியாஷீலும் மட்டும் மிஞ்சினார்கள். டோசினும் இல்லை, ஃபோஃபானாவும் இல்லை. களமிறங்கிய அச்சாம்பாங்கும் பதியாஷீலும் ஆட்டத்தின் நடுவிலேயே காயத்தோடு வெளியேற, கடைசியில் ரீஸ் ஜேம்ஸும் ஹாத்தோவும் சென்டர் பேக்காக நின்றார்கள். எஸ்தெவாவின் கடைசி நேரக் கோலில் 2-1 என்று ஜெயித்ததால் அந்த ஓட்டை பேச்சில்லாமல் போயிற்று.

எரிச்சலூட்டுவது, ஆள் வீட்டிலேயே இருந்ததுதான். பிரீமியர் லீக் பட்டியலில் 25 பேர், அதில் உள்நாட்டில் பயிற்சி பெறாதவர்கள் 17-க்கு மேல் போகக் கூடாது. ஃபோஃபானா காயத்தில் படுத்திருந்தாலும் அந்த 17-இல் ஓர் இடம் அவருடையது. சந்தை மூடினால் ஜனவரி வரை மாற்ற முடியாது. ஆனால் 2025-26 சீசனுக்கு, 2004 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பட்டியலில் இடமே தேவையில்லை. மமாது சார், ஆரோன் அன்செல்மினோ இருவரும் 2005-இல் பிறந்தவர்கள், இருவருமே சென்டர் பேக். ஒருவரை ஸ்ட்ராஸ்பூருக்கும் மற்றவரை டார்ட்மண்டுக்கும் லோனில் அனுப்பினார்கள். ஒருவரையாவது நிறுத்தியிருக்கலாம்.

சரி, விற்றுவிடலாமே? இங்கேதான் முதல் கட்சிக்காரர்கள் கணக்கில் சறுக்குகிறார்கள். வாங்கிய 70 மில்லியனைக் கணக்குப் புத்தகத்தில் ஏழு வருட ஒப்பந்தத்துக்குப் பிரித்து எழுதினால் வருடத்துக்கு 10. மூன்று வருடம் கழிந்தும் புத்தகத்தில் 40 மில்லியன் பாக்கி நிற்கும். 25-க்கு விற்றால் அந்த வருடக் கணக்கில் 15 மில்லியன் நஷ்டம் விழும், அதுவும் 2025-26 சீசன் வரை, மூன்று வருடத்தில் 105 மில்லியனுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்ற லீக் விதியும் இருந்தது. அதோடு, வாங்குகிற கிளப்பின் மருத்துவரும் அதே ஸ்கேனைத்தான் பார்ப்பார். ஆடிய ஆட்டத்துக்குத் தகுந்த பணம், சம்பளத்தில் பாதி நீங்கள் கொடுங்கள் என்ற பேரத்துக்கு மேல் யாரும் வர மாட்டார்கள். காலம் போகப் போகப் பாக்கி கரையும்; அதுவரை வைத்து ஆடுவதுதான் வழி.

வைத்து ஆடுவதென்றால் ஒழுங்காக ஆட வேண்டும். நோர்டிக் பயிற்சி எல்லா கிளப்பிலும் தெரிந்ததே: மண்டியிட்டு, ஒருவர் கணுக்காலைப் பிடிக்க, உடம்பை நேராக வைத்தபடி மெல்ல முன்னால் சாய்வது. ஒழுங்காகத் தொடர்ந்தால் ஹேம்ஸ்ட்ரிங் காயம் ஏறத்தாழ பாதியாகிறது என்பது ஆய்வு முடிவு. கெடுவது எங்கே என்றால், வாரத்துக்கு இரண்டு ஆட்டம் வந்ததும் 'தசை வலிக்கிறது' என்று முதலில் கைவிடப்படுவது இதுதான். ஆட்டத்துக்கு முந்தின நாள் வேண்டாம் என்றால், ஆட்டம் முடிந்தவுடன் அல்லது மறுநாள் குறைந்த எண்ணிக்கையில் செய்யலாம். அறவே விடக் கூடாது.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. பாதுகாக்கிறோம் என்று பயிற்சியில் முழு வேக ஓட்டத்தைத் தவிர்ப்பது. வாரத்துக்கு ஒருமுறையாவது தன் உச்ச வேகத்தின் 90 சதவீதத்தைத் தொடாத தசை, அந்த வேகத்தை முதல்முறையாகச் சந்திப்பது சனிக்கிழமை 75-ஆவது நிமிடத்தில், எதிரே ஒரு வேகமான விங்கரோடு. கிழியாமல் என்ன செய்யும்?

திரும்பும் தேதியை நாள்காட்டி சொல்லக் கூடாது. இரண்டு காலின் பலத்துக்கும் உள்ள வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் வந்ததா, காயத்துக்கு முந்தைய உச்ச வேகத்தை மறுபடி எட்டினாரா, களைத்த நிலையிலும் எட்டுகிறாரா என்பதே கேள்வி. களம் திரும்பியபின் முதல் நான்கைந்து ஆட்டங்களுக்கு 60 நிமிடம் போதும். ஒவ்வொரு பாதியின் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் இந்தக் காயங்கள் குவிகின்றன. ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை மூன்று நிறுத்தங்களில்தான் இறக்க முடியும் என்பதால், சென்டர் பேக்கைத் திட்டமிட்டு மாற்றுவது ஒரு நிறுத்தத்தைத் தின்னும். இடைவேளையில் மாற்றினால் அது கணக்கில் சேராது. ஏழு நாளில் மூன்று ஆட்டம் என்றால் நடு ஆட்டத்தில் அவருக்கு ஓய்வு, எதிரணி யாராக இருந்தாலும்.

அணிப் பட்டியல் வெளியானதும் முதல் பதினொன்றில் அவர் பெயரைக் கண்டு குதிப்பதற்கு முன் பெஞ்சைப் பாருங்கள். அங்கே வேகமான சென்டர் பேக் ஒருவர் இருந்தால் அவருடைய 60 நிமிடம் திட்டத்தோடு வருகிறது. டோசின் மட்டும் இருந்தால், பயிற்சியாளர் 90 நிமிடமும் அவரையே ஓட வைக்கப் போகிறார்.