சன்னி பொனட், மூன்றாம் சுற்று: வெள்ளை பூக்கவில்லை, கிளியர் இன்னும் ஏறவில்லை

நிசான் சன்னி காரின் பொனட்டில் இரண்டு தடவை வெள்ளை பூத்துக் கெட்ட சில்வர் மெட்டாலிக் பேஸ் (நிறம் தரும் கோட்; அதன் மேல் பளபளப்புக்கு ஏறுவதுதான் கிளியர்) இந்தத் தடவை சுத்தமாக நின்றிருக்கிறது. அதே ஸ்பிரே கன், அதே 1.3 நொசில், அதே டின் பெயின்ட். மாறியது பிரைமருக்கும் பேஸுக்கும் இடையில் நடக்கும் தேய்ப்பும் துடைப்பும் காயவைப்பும் மட்டும்தான். அதனால் மாஸ்கிங், கன் செட்டிங் பேச்சை எல்லாம் விட்டுவிடலாம்.

ஹட்டன் பக்கம் தகர ஷெட்டில் பெயின்ட் அடிப்பவர்களுக்குத் தூசியை விட ஈரம்தான் பெரிய தொல்லை. தின்னர் ஆவியாகும்போது தகட்டின் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. தகடு பனிபடுநிலைக்கு, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூட்டுக்கு, கீழே இறங்கினால் அந்த ஈரம் பெயின்ட் மேலேயே படியும். வெள்ளை பூப்பது அதனால்தான். காற்று 18 பாகை, ஈரப்பதன் 90 வீதம் என்றால் பனிபடுநிலை 16 பாகைக்குச் சற்று மேலே நிற்கும். தகடு அதைவிடக் குறைந்தது 3 பாகையாவது சூடாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட்காரர் கணக்கு. தகடும் காற்றளவே சூடு என்றால் இங்கே 2 பாகை கூட இல்லை. 20 பாகை, 80 வீதம் என்றால் மூன்றரைப் பாகை இடைவெளி கிடைக்கும், தைரியமாக அடிக்கலாம். ஒரு சின்ன ஈரப்பதமானியும் தகட்டுச் சூடு பார்க்கும் லேசர் தேர்மோமீட்டரும் இல்லாமல் மே முதல் செப்டெம்பர் வரை இந்தப் பக்கம் கன்னைத் தொடக்கூடாது. அதே மாதங்களில் பண்டாரவளைக்காரர்களுக்குக் காய்ந்த காற்று. அவர்களுடைய சண்டை தூசியோடு.

முதல் மாற்றம் தேய்ப்பில். 800 வாட்டர் பேப்பரும் வாளித் தண்ணீருமாகத் தேய்ப்பதுதான் எல்லாருக்கும் பழக்கம். பிரைமர் வெட்டுப்பட்டு அடியில் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) தெரிந்த இடத்தில் அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். பொலியெஸ்டர் பட்டி பஞ்சு மாதிரி. மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், பல நாள் கழித்துக் கொப்புளமாகக் கிளம்பும். இந்தச் சுற்றில் கறுப்புக் கைட் கோட் (எங்கே இன்னும் தேய்படவில்லை என்று காட்டும் மெல்லிய பூச்சு) போட்டு, 400 பேப்பரும் பிறகு 600 பேப்பரும் முழுக்கக் காய்ந்த தேய்ப்பு. வாட்டர் பேப்பர் 800 கடைசிக் கையாக மட்டும், அதுவும் பட்டி தெரியாத இடத்தில். ஓரங்களுக்கும் பொனட் மடிப்புக்கும் பேப்பர் வேண்டாம், சாம்பல் நிற ஸ்கொட்ச் பிரைட் தேய்ப்பு நார் போதும். பேப்பரைப் போட்டால் ஓரத்தில் தகரம் எட்டிப் பார்க்கும்.

இனித் துடைப்பு. டிகிரீசரில் (எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் திரவம்) நனைத்த ஒரே துணியால் பொனட் முழுக்கத் தடவி, தானாகக் காயட்டும் என்று விடுவதுதான் பெரிய பிழை. எண்ணெய் கரையும், டிகிரீசர் பறக்கும், எண்ணெய் அதே இடத்தில் திரும்பப் படியும். எப்போதும் இரண்டு துணி வேண்டும். வலது கைத் துணி நனைந்தது, இடது கைத் துணி காய்ந்தது. இரண்டடிக்கு இரண்டடி இடத்தை நனைத்து, ஈரப் பளபளப்பு மறையும் முன்பே காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். காய்ந்த துணியை ஒவ்வொரு கட்டத்துக்கும் புதுப் பக்கம் திருப்ப வேண்டும். முழுப் பொனட்டுக்கு ஆறு துண்டாவது போகும். பழைய பெட்சீட் நல்லதுதான், ஆனால் வாசனைக் கண்டிஷனர் போட்டுத் துவைத்ததாக இருக்கக்கூடாது. அந்த வழுவழுப்பு மீன்கண்ணாக, பெயின்ட் ஒட்டாத சின்ன வட்டக் குழிகளாக, வெளியே வரும். டயர் பொலிஷ் தொட்ட கையும் அப்படித்தான்.

டிகிரீசருக்குப் பதில் சாதாரணத் தின்னர் போடும் பழக்கம் ஊரெல்லாம் உண்டு. தின்னர் பிரைமரை இளக்கி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், 600 பேப்பர்க் கோடுகளும் வீங்கி மேலே தெரியும். லேபல் இல்லாத போத்தலில் ஊற்றித் தருவதைச் சில்லறைக் கடையில் 'டிகிரீசர்' என்று வாங்கினால் அதுவும் தின்னராகத்தான் இருக்கிறது. ஒரு சொட்டைப் பிரைமரில் விட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். தின்னர் என்றால் நிறம் விரலில் வரும், வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொழும்புப் பக்கம் போகிறவர்கள் சீல் உடையாத டின் வாங்கி வருவது மேல். பஞ்சிகாவத்தைக்குச் சாமான் தேடிப் போகும் நாளிலேயே இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சுத்தமா என்று பார்க்க, காயவைக்கும் முன் சுத்தமான தண்ணீர் ஒரு கை தெளித்துப் பாருங்கள். ஒரே படலமாக விரிந்து நின்றால் சரி. சேம்பிலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடினால் அந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது. சோதித்த தண்ணீரை உடனே துடைக்க வேண்டும். துளி காய்ந்தால் அதன் வளையம் பெயின்டுக்கு அடியில் தெரியும்.

பிறகு காயவைப்பது. 500 வோட்ஸ் ஹலஜன் விளக்கு இரண்டு, பொனட்டுக்கு அடிப்பக்கமாக, இரண்டடி தள்ளி. மேல்பக்கம் தொட்டால் இளஞ்சூடு, 25 பாகை காட்டியதும் நிறுத்தி, விளக்கை ஷெட்டுக்கு வெளியே எடுத்துவிட வேண்டும், தின்னர் ஆவிக்கு அது நெருப்பு. மண்ணெண்ணெய் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். நெருப்பு அபாயம் ஒரு பக்கம், ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக ஷெட்டுக்குள்ளேயே நிற்கும். அடுப்படியில் சாய்த்து வைத்துக் காயவைப்பவர்களும் இருக்கிறார்கள். தகடு காயும், தாளித்த எண்ணெய்ப் புகையும் சேர்ந்து ஒட்டும்.

கடைசியாகத் தூசி எடுக்கும் பிசின் பூசிய டேக் துணியை முழுக்க விரித்து, தளர்வாகச் சுருட்டி, பூனையைத் தடவுகிற மாதிரித் தடவ வேண்டும். அழுத்தினால் பிசின் ஒட்டும். பேஸ் கோட்டுகளுக்கு நடுவில் அது ஒன்றுதான். புதுப் பேஸில் டிகிரீசர் பட்டால் மெட்டாலிக் கலைந்து கோடு விழும். தூசிமணி உட்கார்ந்தால் 1000 பேப்பரால் மெதுவாக எடுத்து, மேலே இன்னொரு பேஸ் அடிக்காமல் விடக்கூடாது. தேய்த்த மெட்டாலிக் கிளியருக்குள் கறையாகத் தெரியும்.

கொம்பிரசர் தண்ணீர் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். காற்றிலுள்ள தண்ணீரைப் பிடிக்கும் வோட்டர் டிரப்பைத் தாங்கியிலேயே பூட்டினால் பிரயோசனம் இல்லை. காற்று அங்கே சூடு, தண்ணீர் ஆவியாகவே தாண்டிப் போகும். 7 மீற்றராவது குழாயில் ஓடி ஆறிய பிறகு பூட்டுங்கள். அடுத்த வேலை சுவரில் ஜீஐ (நாகம் பூசிய இரும்பு) பைப், தாங்கிப் பக்கம் சரிவாக.

பேஸ் மூன்றாவது கை பகல் ஒன்றரைக்கு முடிந்தது. இரண்டே காலுக்கு மூடுபனி இறங்கி ஈரப்பதமானி 93 காட்டியது. கிளியர் கலக்கவில்லை. இந்தப் பேஸுக்கு 24 மணித்தியாலம் வரை தேய்க்காமல் கிளியர் ஏற்றலாம். நாளை பதினொரு மணிக்குள் வெயில் வந்தால் கிளியர், இல்லாவிட்டால் மறுபடி 1000 பேப்பரும் இன்னொரு கை பேஸும்.