மஞ்சள் ஒட்டிய காசு

காலையில் மகள் மண் உண்டியலை உடைத்தாள்.

செய்தித்தாளை விரித்து, நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினாள். மொத்தம் 640 ரூபாய். ஒரு ஐந்து ரூபாயில் மட்டும் மஞ்சள் ஒட்டியிருந்தது. "இது அப்பாயி திருவிழாவுக்குக் கொடுத்தது" என்று தனியே எடுத்து வைத்தாள்.

எந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிகிறது!

கடையில் நாம் செல்போனைக் காட்டுவதைத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பணம் குறைவது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. எனக்கு இது உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

அப்புறம் தபால் நிலையம் போனோம். பத்து வயது முடிந்த பிள்ளைகள் தங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். 500 ரூபாய் போதும். கையெழுத்து அவளே போட்டாள்.

மீதி 140-க்கு நோட்டில் கணக்கு எழுதச் சொன்னேன்.

முதல் வரி: "தம்பிக்குப் பென்சில் பாக்ஸ், 60."